4340 கடின எஃகு, நிமிடத்துக்கு 300 மீட்டர்: வெட்டு விசை மட்டும் பொருந்துகிறது, மற்றதெல்லாம் கோணல்

சீவல்சித்தன்:
வணக்கம் நண்பர்களே. ஆறு மாதமாக ஒரு சிமுலேஷனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கடினப்படுத்திய 4340 எஃகு, கடினம் 52 எச்.ஆர்.சி. (ராக்வெல் சி அளவு). வட்டத் தட்டின் விளிம்பை நேர்செங்குத்தாக வெட்டும் எளிய சோதனைதான். வேகம் நிமிடத்துக்கு 300 மீட்டர், ஃபீட் (ஒரு சுற்றில் டூல் முன்னேறும் தூரம்) 0.1 மி.மீ., அகலம் 2 மி.மீ. டூல் பி.சி.பி.என். (கன போரான் நைட்ரைடு, சுருக்கமாக சி.பி.என்.) இன்சர்ட், ஹோல்டரில் வைத்தால் ரேக் கோணம் (சீவல் ஏறும் முகத்தின் சாய்வு) மைனஸ் 6 டிகிரி.

டைனமோமீட்டர் (விசை அளக்கும் கருவி) காட்டிய சராசரி: வெட்டு விசை 780 நியூட்டன், தள்ளு விசை (டூலை வேலைப்பொருளிலிருந்து விலக்கித் தள்ளுவது) 730.
அபாகஸ் எக்ஸ்ப்ளிசிட் (சிறு சிறு நேரப் படிகளாகக் கணக்கிடும் சிமுலேஷன் மென்பொருள்) எனக்குத் தருவது: வெட்டு விசை 750, தள்ளு விசை 310.

முதல் எண் 4 சதவீதத்துக்குள் இருக்கிறது. இரண்டாவது பாதிகூட இல்லை. சோதனையில் சீவல் ரம்பப் பல் மாதிரி வருகிறது, பல்லுக்குப் பல் ஏறக்குறைய 70 மைக்ரான். என் திரையிலோ வழவழவென்று ரிப்பன். 2டி, தளத் திரிபு, எலிமென்ட் (பொருளைப் பிரிக்கும் சிறு கட்டம்) 20 மைக்ரான், ஜான்சன்–குக் மாதிரி (திரிபு, அதாவது உருமாற்ற அளவு, அதன் வேகம், வெப்பநிலை மூன்றிலிருந்தும் உலோகத்தின் வலிமையைத் தரும் சூத்திரம்), உராய்வுக் கெழு 0.3. வெட்டு விசை சரியாக இருப்பதால் பொருளின் மாறிலிகள் சரி, உராய்வுதான் தப்பு என்று நினைக்கிறேன். 0.3-ஐ 0.7 ஆக்கிவிடலாமா?

முடிவுறுகூறு:
//உராய்வுதான் தப்பு என்று நினைக்கிறேன்//

கெழுவைத் தொடாதீர்கள். முதலில் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்.

தள்ளு விசையை வெட்டு விசையால் வகுத்தால் வருவது ஒரு கோணத்தின் டேஞ்சன்ட். அந்தக் கோணம், உராய்வுக் கோணத்திலிருந்து ரேக் கோணத்தைக் கழித்தது. மெர்ச்சன்ட் 1940-களில் வரைந்த விசை வட்டம்தான், புதிதாக ஒன்றுமில்லை. உங்கள் சிமுலேஷனில் 310/750, அதாவது 22.5 டிகிரி. கெழு 0.3 என்றால் உராய்வுக் கோணம் 16.7. மைனஸ் 6-ஐக் கழித்தால் 22.7. ஆக உங்கள் மென்பொருள் நீங்கள் கொடுத்ததைத்தான் அப்படியே திருப்பித் தருகிறது. அதில் பிழையில்லை.

இப்போது சோதனையைப் பாருங்கள். 730/780 என்றால் 43 டிகிரி. ரேக் உண்மையிலேயே மைனஸ் 6 என்றால் உராய்வுக் கோணம் 37, கெழு 0.75. சி.பி.என். மேல் சூடான எஃகுக்கு அது எனக்கு நம்பும்படியாக இல்லை. வேறு ஏதோ இருக்கிறது.

இன்சர்ட்டின் விளிம்பில் சாம்ஃபர் (சரிவாகச் சீவிய பட்டை) உண்டா? எவ்வளவு?

இன்னொன்று, ஒரு ரன் முடிய எவ்வளவு நேரம் ஆகிறது?

சீவல்சித்தன்:
பெட்டியின் மேல் 20 டிகிரி, 0.1 மி.மீ. என்று போட்டிருக்கிறது. சின்ன விஷயம் என்று மாடலில் சேர்க்கவில்லை, முனையைக் கூராகவே வைத்தேன். ரன் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

லேத்_அண்ணாச்சி:
தம்பி, ஃபீட் 0.1, சாம்ஃபர் 0.1. அப்போ மொத்தச் சீவலும் சாம்ஃபர் மேலேயே ஏறிப் போகுது. ரேக் முகத்தை அது தொடவே இல்லை. சின்ன விஷயமாமே! கடின எஃகுக்கு அந்தச் சரிவைப் போடுறதே முனை பொரிஞ்சு போகாம இருக்கத்தான். கம்ப்யூட்டர்ல கூர்முனை பொரியாது, லேத்ல ரெண்டாவது சுத்துலயே பொரியும்.

முடிவுறுகூறு:
அண்ணாச்சி சொன்னதை எண்ணில் போடுகிறேன். மைனஸ் 6-உம் 20-உம் சேர்ந்து பயனுறு ரேக் மைனஸ் 26. 43-லிருந்து 26 போனால் மீதி 17 டிகிரி. டேஞ்சன்ட் 0.31.

உங்கள் உராய்வுக் கெழு ஆரம்பத்திலிருந்தே சரி. 0.7 என்று மாற்றியிருந்தால் தள்ளு விசையும் பொருந்தியிருக்கும், நீங்களும் கட்டுரை எழுதப் போயிருப்பீர்கள்.

ஆனால் ஐந்து நிமிடம் என்பது எனக்கு உறுத்துகிறது. எஃகில் ஒலி அலையின் வேகம் விநாடிக்குச் சுமார் 5,000 மீட்டர். 20 மைக்ரான் எலிமென்டை அது கடக்க 4 நானோவிநாடி, எக்ஸ்ப்ளிசிட் முறையில் ஒரு படியின் உச்சவரம்பும் அதுவே. 5 மி.மீ. நீளம் வெட்ட உங்கள் வேகத்தில் 1 மில்லிவிநாடி. அதாவது இரண்டரை லட்சம் படிகள், ஒவ்வொன்றிலும் தொடுகை, வெப்பம், சேதம் எல்லாவற்றுக்கும் கணக்கு. ஐந்து நிமிடத்தில் முடிகிறதா? மாஸ் ஸ்கேலிங் எத்தனை மடங்கு?

சீவல்சித்தன்:
10,000.

பயிற்சிக் காணொளி ஒன்றில் அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

புதுமுகம்:
குறுக்கே புகுந்ததற்கு மன்னிக்கவும். மாஸ் ஸ்கேலிங் என்றால் என்ன? செய்தால் என்ன கெட்டுப்போகும்?

முடிவுறுகூறு:
பொருளின் நிறையைச் செயற்கையாகக் கூட்டுவது. அடர்த்தி 10,000 மடங்கானால் அலை வேகம் 100 மடங்கு குறையும், நேரப் படி 100 மடங்கு பெரிதாகும், ரன் சீக்கிரம் முடியும். மெதுவாக நசுக்கும் ஃபோர்ஜிங் போன்ற வேலைகளில் அளவோடு செய்தால் தப்பில்லை. வேக வெட்டில் விஷம்.

சித்தன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 5 மீட்டரில் வரும் உலோகத்தைத் திருப்பி மேலே அனுப்ப வேண்டும். அதற்குத் தேவையான உந்த விசை, அடர்த்தி × வேகத்தின் வர்க்கம் × வெட்டும் பரப்பு. உண்மையான அடர்த்தி 7,850 என்றால் 0.04 நியூட்டன், தூசு. 10,000 மடங்கானால் 390 நியூட்டன்! அவருக்கு வந்த 750-இல் பாதிக்கு மேல் எஃகின் வலிமையே இல்லை, கனத்த பொய் நிறையின் முட்டல்.

மென்பொருளின் மாஸ் ஸ்கேலிங் வசதியைப் பயன்படுத்தினால் வெப்பக் கொள்ளளவு மாறாது. சிலர் அடர்த்தி எண்ணையே கையால் மாற்றுவார்கள். அப்படிச் செய்தால் வெப்பக் கணக்கும் சேர்ந்து நாசமாகும், எஃகு சூடாகவே மாட்டேன் என்னும்.

சீவல்சித்தன்:
ஸ்கேலிங்கை எடுத்துவிட்டு ராத்திரி ஓடவிட்டேன். வெட்டு விசை 365, தள்ளு விசை 152. விகிதம் மாறவில்லை, நீங்கள் சொன்னபடியே 0.42. ஆனால் விசை பாதியாகிவிட்டதே! சரியாக இருந்த ஒரே எண்ணும் போயிற்று.

மார்ட்டென்சைட்:
இழையை இப்போதுதான் பார்த்தேன். ஜான்சன்–குக் மாறிலிகள் எங்கிருந்து எடுத்தவை? ஏ 792 மெகாபாஸ்கல், பி 510, என் 0.26, சி 0.014, எம் 1.03. இவைதானே?

சீவல்சித்தன்:
அதேதான் அக்கா. எல்லா இடத்திலும் 4340-க்கு இதுதான் இருக்கிறது.

மார்ட்டென்சைட்:
எல்லா இடத்திலும் இருப்பதுதான் தொல்லை. அவை ஜான்சனும் குக்கும் 1983-இல் தந்த எண்கள். ஹேக் நகரில் நடந்த எறிபடையியல் கருத்தரங்கில் வந்தவை. அவர்கள் சோதித்த 4340-இன் கடினம் 30 எச்.ஆர்.சி. உங்களுடையது 52. பெயர் ஒன்று, எஃகு வேறு. ஒரே கம்பியை வேறு வெப்பநிலையில் டெம்பர் செய்தாலே (கடினப்படுத்திய பின் மிதமாகச் சூடாக்கினாலே) நடத்தை மாறிவிடும், தரக் குறியீட்டு எண் அதைச் சொல்லாது.

கையால் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. விக்கர்ஸ் கடினத்தை அழுத்தமாக மாற்றி மூன்றால் வகுத்தால், ஏறக்குறைய 8 சதவீதத் திரிபில் இருக்கும் பாய்வுத் தகைவு (உலோகம் நிலையாக உருமாறத் தேவையான அழுத்தம்) கிடைக்கும். 30 எச்.ஆர்.சி. என்பது சுமார் 302 விக்கர்ஸ், அதாவது 990 மெகாபாஸ்கல். மேலே உள்ள மாறிலிகளில் திரிபு 0.08 என்று போட்டால் 1,056. பரவாயில்லை, பக்கத்தில் நிற்கிறது. 52 எச்.ஆர்.சி. என்பது 544 விக்கர்ஸ், அதாவது 1,780. நீங்கள் வெட்டியது அதை, கணினியில் வெட்டியது பாதிக்குச் சற்று மேல் வலிமையுள்ள வேறொன்றை.

முடிவுறுகூறு:
அட. மென்மையான எஃகு விசையைக் குறைத்தது, பொய் நிறை அதே அளவு கூட்டியது, இரண்டும் ஒன்றையொன்று தின்று 4 சதவீதத்தில் வந்து நின்றிருக்கின்றன. இப்படியொரு தற்செயலை வேண்டுமென்று செய்யச் சொன்னால் என்னால் முடியாது.

சீவல்சித்தன்:
அப்படியானால் ஏ, பி இரண்டையும் 1.8 ஆல் பெருக்கிவிடலாமா?

மார்ட்டென்சைட்:
தொடக்கத்துக்குச் செய்யலாம், ஆனால் மிகையாக வரும். கடினமான மார்ட்டென்சைட்டில் (கடினப்படுத்திய எஃகின் நுண்ணமைப்பு) தொடக்க வலிமை அதிகம், அதன் மேல் இறுகுவதற்கு அதே விகிதத்தில் இடம் இருக்காது. பி-ஐ அப்படியே விட்டு, 8 சதவீதத்தில் 1,780 வரும்படி ஏ-ஐ மட்டும் ஏற்றிப் பாருங்கள். 1,516 வரும்.

இதுவும் ஒட்டுப்போட்ட வேலைதான். இந்த மாறிலிகளை அளக்க மாதிரியை வேகமாக மோதி நசுக்கும் ஹாப்கின்சன் தண்டுச் சோதனையில் திரிபு வீதம் விநாடிக்குச் சில ஆயிரம், மிஞ்சினால் பத்தாயிரம் வரை. உங்கள் சறுக்குப் பட்டையில் (உலோகம் சறுக்கிச் சீவலாக மாறும் மெல்லிய பகுதி) உலோகம் 20 மைக்ரானை 4 மைக்ரோவிநாடியில் கடக்கிறது, திரிபு 2 என்று வைத்தாலும் வீதம் ஐந்து லட்சம். சோதித்த எல்லைக்கு வெகு வெளியே, மடக்கைக் கோட்டை நம்பி நடக்கிறீர்கள். வெப்ப மென்மையிலும் இதே ஓட்டை: சோதனைக் கூடத்தில் மாதிரியை உலையில் ஊறவைத்துச் சூடாக்குவார்கள், அதற்குள் அது டெம்பர் ஆகித் தளர்ந்துவிடும். உங்கள் எஃகுக்கு அந்த அவகாசமே இல்லை.

பெட்டியில் எழுதியிருப்பது போல மாறிலிகளை எடுத்துக்கொள்பவர்களுக்கு இன்னொரு தகவல். 2007-இல் அம்ப்ரெல்லோவும் உடன் ஆய்வாளர்களும் 316எல் எஃகுக்கு வெளியாகியிருந்த ஐந்து ஜான்சன்–குக் தொகுதிகளை ஒரே வெட்டில் போட்டுப் பார்த்தார்கள். விசையும் சீவலும் மட்டுமல்ல, மேற்பரப்பின் எஞ்சிய தகைவும் தொகுதிக்குத் தொகுதி வேறாக வந்தது. உலோகம் ஒன்று, பெயர் ஒன்று, பதில் ஐந்து.

லேத்_அண்ணாச்சி:
இவ்வளவு கணக்குப் போடுறீங்க, யாராவது அந்த முனையைப் பார்த்தீங்களா? தம்பி, அந்த 730 நியூட்டன் புது முனையில அளந்ததா, பழசுலயா?

சீவல்சித்தன்:
எட்டு வெட்டுக்கும் ஒரே முனை, அண்ணே. 730 என்பது எட்டின் சராசரி.

லேத்_அண்ணாச்சி:
சரிதான் போ. முனை தேஞ்சா முதல்ல ஏறுறது தள்ளு விசைதான், வெட்டு விசை மெதுவாத்தான் வரும். கடின எஃகை முடிக்கிறப்போ நான் வெட்டு விசையைப் பார்க்கவே மாட்டேன். அளவு ஒதுங்க ஆரம்பிச்சுட்டா முனையைத் திருப்பிடுவேன். ஒதுக்கித் தள்ளுறது யாரு? அந்த விசைதான். முதல் வெட்டையும் எட்டாவது வெட்டையும் தனித்தனியா எடுத்துப் பாரு. உன் கம்ப்யூட்டர் டூல் மட்டும் என்னைக்குமே மார்க்கண்டேயன்.

சீவல்சித்தன்:
பதிவைத் தோண்டினேன். தள்ளு விசை முதல் வெட்டில் 690, எட்டாவதில் 775. வெட்டு விசை 770, 790. அண்ணாச்சிக்குக் கும்பிடு.

இனி முதல் வெட்டோடு மட்டும் ஒப்பிடுகிறேன். மாற்றியவை: சாம்ஃபர் சேர்த்தேன், ஏ 1,516, எலிமென்ட் 5 மைக்ரான், மாஸ் ஸ்கேலிங் 100 மடங்கு (கையால் கணக்கிட்டேன், உந்த விசை 4 நியூட்டன்தான்). ரன் ஒன்றரை நாள்.

வெட்டு விசை 815, சோதனையில் 770. தள்ளு விசை 745, சோதனையில் 690. இரண்டும் ஒரே பக்கமாக, ஏறக்குறைய ஒரே அளவு கூடுதல். 4 சதவீதத்திலிருந்து 6-க்குப் போயிருக்கிறேன், ஆனால் ராத்திரி தூக்கம் வருகிறது.

ஆனால் சீவல் இன்னும் ரிப்பன்தான்.

முடிவுறுகூறு:
நல்ல முன்னேற்றம். எலிமென்ட் 5 மைக்ரான் ஆனதும் அவசியமே, சறுக்குப் பட்டை சில மைக்ரான் தடிமன்தான். 20 மைக்ரான் சல்லடையில் அது சிக்காது.

ரம்பப் பல்லுக்கு ஜான்சன்–குக் தனியாகப் போதாது. திரிபு ஏற ஏற அது இறுகிக்கொண்டே போகிறது. பெரிய திரிபில் தளர்வு வர வேண்டும். டைட்டானியத்துக்கு கலமாஸ் 2008-இல் டான்எச் (tanh) என்ற கணிதச் சார்பைப் பெருக்கி அதைச் செய்தார், அதைக் கடன் வாங்குங்கள். இங்கே நடப்பது வெப்பச் சறுக்கு. ரெக்ட் 1964-லேயே சொன்னது: இறுக்கத்தை விட வெப்பத் தளர்வு வேகமாக ஏறினால் ஒரு பட்டை மட்டும் பிய்த்துக்கொண்டு ஓடும். கணக்கு எளிது. தகைவு 1,500 மெகாபாஸ்கல், திரிபு 2, வேலையில் 90 சதவீதம் வெப்பமாகிறது என்றால் வெப்பநிலை 690 டிகிரி ஏறும். தளர்வதற்கு இது தாராளம்.

மார்ட்டென்சைட்:
டைட்டானியத்துக்கு அது சரி. 52 எச்.ஆர்.சி. எஃகில் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உலோக வெட்டு ஆய்வாளர் ஷா சொன்னது போல, பல்லின் தொடக்கம் மேற்பரப்பில் விழும் விரிசல். கடின எஃகு இழுவை தாங்காது, சீவலின் வெளிப்புறத்தில் விரிசல் விழுந்து உள்நோக்கி ஓடுகிறது, முனைக்கு அருகே அழுத்தமும் சூடும் இருப்பதால் அங்கே நுண்விரிசலாகச் சிதறிச் சறுக்காகிறது. நீங்கள் நுண்ணோக்கியில் பார்க்கும் வெள்ளைப் பட்டை அதன் பின்விளைவு, காரணமல்ல. டான்எச் போட்டால் பல் வரும், எதற்காக வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. நீங்களே பல்லை வரைந்து வைத்துவிட்டு, பல் வந்தது என்று சொல்வது போலத்தான்.

முடிவுறுகூறு:
சேத மாறிலிகளைப் போட்டு எலிமென்டை அழித்துப் பல் வரவைப்பது மட்டும் வரைவதில்லையா? ஹில்லர்போர்க் பாணியில் முறிவு ஆற்றல் (விரிசல் திறக்கச் செலவாகும் ஆற்றல்) சேர்க்காவிட்டால் விரிசல் எலிமென்ட் அளவைப் பொறுத்து மாறும். சேர்த்தால், அந்த ஆற்றல் எண்ணை யார் அளந்தது?

மார்ட்டென்சைட்:
நியாயம். அதனால்தான் வாதத்தால் முடிக்க முடியாது என்கிறேன். இரண்டும் 300-இல் பல் தரும். பிரித்துக் காட்டுவது குறைந்த வேகம். வெப்பப் பரவுதிறன் விநாடிக்குச் சுமார் 10 சதுர மி.மீ. 300 மீட்டரில் ஒரு பல் உருவாக 14 மைக்ரோவிநாடி, அதற்குள் சூடு 12 மைக்ரான் பரவும். 70 மைக்ரான் பல்லில் அது சிறை பட்டது போலத்தான். 40 மீட்டரில் 105 மைக்ரோவிநாடி, சூடு 32 மைக்ரான் ஓடிவிடும், பட்டை ஆறிப்போகும். வெப்பம்தான் காரணம் என்றால் 40-இல் பல் மங்க வேண்டும். விரிசல்தான் என்றால் மங்காது.

சித்தன், இரண்டு மாதிரியிலும் 40 மீட்டருக்கு ஓட்டி, வெட்டுவதற்கு முன்பே இங்கே முடிவைப் போடுங்கள். அதன் பிறகு லேத்துக்குப் போங்கள்.

லேத்_அண்ணாச்சி:
40-ல சி.பி.என். போட்டா பொரியும். ஒரு முனை செலவுன்னு வச்சுக்கோ.

புதுமுகம்:
இன்னொரு சந்தேகம். சிமுலேஷன் படத்தில் விசை 500-க்கும் 1,000-க்கும் இடையே குதிக்கிறது. சோதனைப் படம் நேர்கோடு. எது உண்மை?

முடிவுறுகூறு:
ஒவ்வொரு பல்லுக்கும் விசை ஒருமுறை ஏறி இறங்கும். விநாடிக்கு 5 மீட்டர், பல் 70 மைக்ரான், ஆக 70 கிலோஹெர்ட்ஸுக்கு மேல். வேலைப்பொருளோடு பூட்டிய டைனமோமீட்டரின் இயல்பதிர்வு சில கிலோஹெர்ட்ஸ்தான். அந்தக் குதியல் அதன் காதில் விழவே விழாது. ஆகவே சராசரியோடு சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். குதியலை வடிகட்டி எடுத்துவிட்டு 'அருமையாகப் பொருந்துகிறது' என்று எழுதாதீர்கள்.

சீவல்சித்தன்:
வெட்டும் முன் போடுகிறேன், யாரும் பின்னால் மாற்றிச் சொல்ல முடியாதபடி.

டான்எச் மாதிரி: 300-இல் பல் இடைவெளி 58 மைக்ரான். 40-இல் ரிப்பன், மேலே லேசான அலை மட்டும்.
சேதம் + முறிவு ஆற்றல்: 300-இல் 55 மைக்ரான். 40-இல் தெளிவான பல், 80 மைக்ரான்.

இரண்டும் 300-இல் சோதனையின் 70-க்குக் கீழேதான். விசையில் இரண்டுக்கும் வித்தியாசம் 20 நியூட்டன்கூட இல்லை, ஆக விசையை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை லேத் கிடைக்கிறது.

சீவல்சித்தன்:
வெட்டியாயிற்று. 40 மீட்டரில் பல் இருக்கிறது. மெருகேற்றி அளந்ததில் 85 முதல் 110 மைக்ரான் வரை, ஒழுங்கில்லாமல். சீவலின் வெளிப்புறத்தில் பல்லுக்கு ஒன்றாக விரிசல் வாய் பிளந்து நிற்கிறது. வெள்ளைப் பட்டை 300-இல் இருந்தது போல இல்லை, தேடித்தான் பிடிக்க வேண்டும். அண்ணாச்சி சொன்னபடி முனையும் பொரிந்தது.

முடிவுறுகூறு:
40-க்கு அக்கா ஜெயித்தார், ஒப்புக்கொள்கிறேன். 300-இல் விரிசல் தொடங்கி வெப்பம் முடித்து வைக்கிறது என்று இருக்கலாம். சேத மாதிரியோடு வெப்பத் தளர்வையும் வைத்துக்கொண்டு 100, 150, 200 மூன்றையும் ஓட்டிப் பாருங்கள், ஒன்று மற்றொன்றிடம் எங்கே கைமாறுகிறது என்று தெரியும்.

மார்ட்டென்சைட்:
அதற்கு முன் ஒன்று. இரண்டு மாதிரியுமே 300-இல் பல்லைச் சிறிதாகக் காட்டுகின்றன, விசையை 6 முதல் 8 சதவீதம் கூட்டிக் காட்டுகின்றன. ஒரே பக்கமாக வரும் பிழை. சாம்ஃபர் சேர்த்தீர்கள், அது முடியும் இடத்தில் முனையின் ஹோன் வட்டத்துக்கு (மழுக்கிய விளிம்பின் ஆரம்) என்ன கொடுத்தீர்கள்?

சீவல்சித்தன்:
20 மைக்ரான். பெட்டியில் இல்லை, அதனால் ஒரு கட்டுரையிலிருந்து எடுத்தேன்...

லேத்_அண்ணாச்சி:
ஹஹ்ஹா.

சீவல்சித்தன்:
புரிந்தது அண்ணே. புது முனை ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை புரொஃபைல் அளக்கும் கருவிக்கு நேரம் கேட்டிருக்கிறேன், அளந்துவிட்டு வருகிறேன்.